ஊருணித் தண்ணீரைக் குடித்த ஆராய்ச்சிக்காரம்மா

இன்று அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெரியவர். என்ன வேலை என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் மக்கள் நல்வாழ்வு ஆய்வு என்றேன்.

"எழுபதுகள்ல எங்க ஊருக்கும் அப்படி ஒரு ஆராய்ச்சிக்காரம்மா வந்தாக தம்பி" என்றார்.

அப்போது ஊரில் பலருக்கும் நரம்புச் சிலந்தி நோய். குடிக்கும் தண்ணீர் வழியே உடம்புக்குள் போகும் புழு, ஒரு வருடத்தில் காலில் கொப்புளம் வெடித்து, நீளமாக நூல்போல வெளியே வரும். ஊருணிக் குளத்துத் தண்ணீரை வடிகட்டிக் குடியுங்கள், புண்ணோடு அதில் இறங்காதீர்கள் என்று அந்த அம்மா வீடுவீடாகச் சொன்னாராம். ஒருவரும் கேட்கவில்லை.

"என்னையப் பெத்த ஆத்தா சொம்புல வடிகட்டாத தண்ணியக் குடுத்து, 'நாங்க குடிக்கிறதத்தான குடுக்குறோம், நீங்க குடிக்க மாட்டீகளோ'ன்னு கேட்டுச்சு. அவுக சொம்ப வாங்குனாக. குடிச்சிட்டாக."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். மறுவருசம் நொண்டிக்கிட்டே பஸ்ஸ விட்டு எறங்குனாக. சேலைய லேசாத் தூக்கிக் கணுக்காலக் காட்டுனாக. வெளிய வந்த புழுவத் தீக்குச்சியில சுத்தி வச்சிருந்தாக. ஆத்தா அவுக காலப் பிடிச்சிக்கிட்டு அழுதுச்சு. அன்னைக்கே பழைய வேட்டியக் கிழிச்சுப் பானை வாயில கட்டுச்சு. பெறகு ஊரே கட்டுச்சு."

பெரியவர் அவர் ஊரில் இறங்கிப் போய்விட்டார்.

நாளை எங்கள் ஆய்வகத்தில் 'மக்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி' என்று நான் பேச வேண்டும். கலர் கலராகப் படமெல்லாம் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

எந்த முகத்தோடு பேசுவது? நீங்களே சொல்லுங்கள்.