முதலாளியின் கார்

நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன எங்கள் அகதிப் படகைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துவந்தவர் யூசுப். இந்தோனேசியாவில் சின்னத் தீவொன்றின் மீனவர். ஏழு மாதம் அவர் வீட்டுச் சோறுதான் தின்றேன்.

லண்டனில் குடும்பமாகக் குடியேறிய பிறகு, ரெய்னர்ஸ் லேனில் நான் மீன் வெட்டும் கடையின் முதலாளியுடைய காரில் சாய்ந்து நின்று, படமெடுத்து யூசுப்புக்கு அனுப்பினேன். நம்மவர்கள் வழக்கமாக ஊருக்கு அனுப்புகிற படம்தான்.

"உங்கட கார் எண்டெல்லோ அந்த மனுசன் நினைக்கப்போறார்," என்றாள் மனைவி.

"நினைச்சா நினைக்கட்டும்," என்றேன்.

போன மாதம் யூசுப் தொலைபேசியில் அழைத்தார். அங்கே கற்ற அரைகுறை மொழியில் பேசினேன். கரையோரம் மீனே இல்லையாம். தீவில் படித்த பிள்ளைகளுக்கும் வேலை இல்லையாம். என் படத்தைப் பார்த்துப் பார்த்தே அவர் மகள் லண்டனுக்கு வர முடிவெடுத்தாளாம். ஆளனுப்பும் ஏஜென்சிக்குப் பணம் கட்டுவதற்காகப் படகை விற்றுவிட்டாராம். எங்களை இழுத்துவந்த படகு.

வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோவன்," என்றாள் மனைவி.

"படகே போயிட்டுது. இனிச் சொல்லி என்ன?"

வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை வந்து இறங்குகிறாள். விமான நிலையத்துக்குப் போக முதலாளியிடம் காரைக் கேட்டிருக்கிறேன். அதே காரை.