கெசியா வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை

கெசியா ரட்லெட்ஜின் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எங்கள் காலத்துக் கென்டக்கியில் அப்படி ஒரு கதவைப் பார்த்தால், வீட்டுக்காரிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடியேற வந்தவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோடு ஒரே மரக்கோட்டைக்குள் ஆறு வருஷம் அடைபட்டுக் கிடந்தவள் நான். தாழ்ப்பாளை அவள் பிடுங்கி எறிந்த நாளில் பக்கத்தில் நின்றவளும் நான்தான்.

மலையைத் தாண்டி நாங்கள் பதினான்கு குடும்பம் வந்தோம். கூர் சீவிய மரங்களை நட்டுச் சுவர் எழுப்பினோம். ஒரே ஒரு வாசல். உள்ளே மனுஷர், பன்றி, பிள்ளைகள், நாற்றம், சண்டை எல்லாம் ஒன்றாக இருந்தோம். மாடுகள் மட்டும் வெளியே நாணல் காட்டில் மேயும். ஒவ்வொன்றின் கழுத்திலும் மணி இருக்கும்.

கெசியாவுக்குக் காது அப்படி ஒரு காது. மணியைக் கேட்டே எந்த மாடு, குனிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். முதல் வருஷம், அந்தக் காட்டின் பூர்வகுடிகளான ஷானிக்காரர்கள் ஒரு மாட்டின் மணியைக் கழற்றி, நாணலுக்குள் ஆட்டிக்கொண்டே போனார்கள். மாடு என்று நம்பி ஓட்டிவரப் போன எங்கள் ஆட்கள் இரண்டு பேர் திரும்பவில்லை. அது அவர்களுடைய வேட்டைக்காடு, நாங்கள்தான் நடுவில் வந்து உட்கார்ந்தோம். அவர்களுக்குக் கோபம் வரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அன்று முதல் கோட்டையில் ஒரு சட்டம். கறவை நேரத்தில் கெசியா வாசலில் உட்கார்ந்து கேட்பாள். அவள் "மாடுதான்" என்றால்தான் வாசல் திறக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு, பொய் சொல்லுவானேன்.

அந்த நவம்பரில் அவள் புருஷன் ஜோத்தமுக்குத் தொண்டை கட்டிச் சுத்தமாகக் குரல் போய்விட்டது. அதே சமயம் அவர்கள் மாடு பான்ஸியை இரண்டு நாளாகக் காணவில்லை. அவர் தேடக் கிளம்பினார். கெசியா கரடிக் கொழுப்பைத் தடவிய சிவப்புக் கம்பளித் துணியை அவர் கழுத்தில் சுற்றிக்கொண்டே திட்டினாள்.

"வாயத் தொறந்தா காத்துதான் வருது. மாட்ட எப்படிக் கூப்பிடுவீங்க, கையத் தட்டியா?"

"பாலு இல்லாம நம்ம சின்ன மக கூழத் தொட மாட்டேங்குறாளே" என்று உதட்டை மட்டும் அசைத்தார். பிறகு அவள் காதைச் செல்லமாக இழுத்துவிட்டு, துப்பாக்கியோடு போனார். திரும்பி வருகிறவர்கள் தூரத்திலேயே இரண்டு வெடி போட வேண்டும். அதுதான் எங்கள் அடையாளம்.

அன்று முழுக்க மழை. மறுநாள் மத்தியானம் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி. கறவை நேரத்தில் மணி கேட்டது. சின்னவள் குதித்தாள். "அம்மா, பான்ஸி வந்துட்டா!"

கெசியா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

"மணி பான்ஸியோடதுதான். ஆனா பான்ஸி இல்ல."

"எப்படிச் சொல்ற?" என்றார் எங்கள் தலைவர் ஸ்ட்ரவுட்.

"மாடு நின்னு நின்னு மேஞ்சுக்கிட்டு வரும். இது நிக்கவே இல்ல. ரெண்டு காலுல நடக்குது."

"ஜோத்தமா இருந்தா?"

"அவரா இருந்தா ரெண்டு வெடி போட்டிருப்பாரே. மணி வேற ஆளு கையில இருக்குன்னா, அவரு..." என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மணி சுவரைத் தடவியபடி கோட்டையைச் சுற்றி வந்தது. நான் துப்பாக்கித் துளை வழியாகப் பார்த்தேன். பனிக்குள் மாட்டுத் தோல் ஒன்று நிமிர்ந்து நின்றது. தலை இல்லை. கீழே இரண்டு கால்.

நான் போட்ட கூச்சலில் வாசலுக்கு இன்னொரு குறுக்குக் கட்டையும் ஏறியது. வெளியே கதவைச் சுரண்டும் சத்தம் வந்தது. கெசியா கதவில் முதுகைச் சாய்த்து, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். "யாரும் திறக்காதீங்க" என்றாள். சின்னவள் மட்டும் "பான்ஸிக்குக் குளிருமே" என்று அழுதாள்.

பொழுது சாய்கிறபோது மணியின் போக்கு மாறியது. இரண்டு அடி, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு அடி, நீண்ட நிறுத்தம். கெசியா காதிலிருந்து கையை எடுத்தாள்.

"டார்கஸ், இப்ப மாடு மாதிரியே அடிக்குதுடி. கத்துக்கிட்டாங்கடி" என்றாள் என்னிடம்.

அப்புறம் சத்தமே இல்லை.

காலையில் பனி விலகி, வெளியே யாரும் இல்லை என்று உறுதியானபிறகு திறந்தோம். ஜோத்தம் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கெசியா உட்கார்ந்த அதே இடம். நடுவில் ஒரு பலகைதான். செத்துப்போன பான்ஸியின் தோலை உரித்து, மழைக்கும் குளிருக்கும் தன் தலையையும் மூடிப் போர்த்தியிருந்தார். வெடிமருந்து நனைந்து களியாகியிருந்தது. கழுத்தில் அந்தச் சிவப்புத் துணி. கூப்பிடக் குரல் இல்லாதவர், அவள் காதை நம்பி மணியை ஆட்டியிருக்கிறார்.

அவருக்குக் குரல் இல்லை என்பது கோட்டையில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கெசியா அழவில்லை. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து, தன் குடிசைத் தாழ்ப்பாளைக் கோடாரியால் பெயர்த்தாள். கோட்டை கலைந்து, காடு வயலாகி, சின்னவள் கல்யாணமாகிப் போனாள். முப்பது வருஷம் அந்தக் கதவு அப்படியே இருந்தது.

போன நவம்பரில் ஒரு நாள் மூடுபனி. கறவை நேரத்தில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். மணி கேட்டது. நிற்காமல், அடி மேல் அடியாக வந்தது. இப்போது அக்கம்பக்கத்தில் யாரும் மாட்டுக்கு மணி கட்டுவதில்லை.

"மாடா, டார்கஸ்? நீ சொல்லு. என் காத நான் நம்புறதில்ல."

மணி வாசலுக்கு வந்து நின்றது. கெசியா அடுப்பிலிருந்த சோளக்கூழை இன்னொரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள்.

"உள்ள வாங்க" என்றாள். "திறந்துதான் இருக்கு."