விளம்பர இடைவேளை

அந்த சீரியலின் பாட்டு எங்கேயாவது காதில் விழுந்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டில் மறுஒளிபரப்பு ஓடினால்கூட ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

அப்போது நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். என் மாணவிகள் பத்துப் பதினைந்து பேரும் அங்கேதான். மாலை ஏழு மணி ஆனால் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். நடுவில் போன் அடித்தால் வார்டனம்மாவுக்கு ஆகாது. அதனால் எல்லாருடைய போனும் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குப் போய்விடும். கூடை அவர் காலடியில் இருக்கும்.

சீரியலில் இந்துப் பெண், முஸ்லிம் பையன். பெண்ணின் அப்பா குறுக்கே நிற்கிறார். வார்டனம்மா அந்த அப்பாவைத் திட்டாத நாளில்லை. "மதமாவது மண்ணாங்கட்டியாவது! பெத்த பொண்ணு மனசு தெரியாதவனெல்லாம் ஒரு அப்பனா?" என்று மூக்கை உறிஞ்சுவார். பொய் சொல்வானேன், நானும்தான் அழுதேன்.

அந்த வருஷக் கல்லூரி விழாவுக்குப் பழைய பாணியில் ஒரு நாடகம் எழுதிப் போட்டேன். பகை நாட்டு இளவரசனை விரும்பும் ராஜகுமாரியின் கதை. ராஜகுமாரியாக நடித்தவள் முசிறிப் பெண், வாழை விவசாயியின் மகள், இறுதியாண்டு. வார்டனம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். தோழியாக நடித்த பிள்ளைக்கு மட்டும் நான் தனியாக ஒத்திகை வைத்திருந்தேன். தலைவியின் காதலைத் தோழி பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லி, விரும்பியவனுக்கே கட்டிவைக்கக் கேட்கிற இடம். அறத்தொடு நிற்றல் என்று இதற்குப் பெயர். "இங்க குரல் நடுங்கவே கூடாது. நிமிந்து நின்னு சொல்லணும்" என்று அவளைப் போட்டு வதைத்தேன்.

ஒரு நாள் ஒத்திகை முடிந்து பஸ்ஸில் வரும்போது முசிறிப் பெண் என்னிடம் சொன்னாள். தென்னூர்ப் பையன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பம். "நல்லவங்க மேடம். பரீட்சை முடிஞ்சதும் வீட்ல நானே சொல்லிடுவேன்." என்னை நம்பிச் சொல்கிறாளே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அன்று சீரியலில் அப்பா மகளை அறையில் வைத்துப் பூட்டினார். விளம்பரம் வந்தது. கூடையில் ஒரு போன் வெளிச்சம் போட்டது. வார்டனம்மா குனிந்து பார்த்தார். பையனின் பெயரும், நாளைக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்ற வரியும் தெரிந்திருக்கின்றன. போனை எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனார். பெற்றோர் நம்பர் எழுதிய நோட்டு அங்கேதான் இருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முசிறிப் பெண் என் கையை இறுகப் பிடித்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது இன்னும் ஒரு சோப்பு விளம்பரம் பாக்கி இருந்தது. சீரியல் தொடங்கியது. பூட்டிய கதவைப் பார்த்து வார்டனம்மா அழுதார். ஒருத்தியின் அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டு வந்த அதே நிமிஷத்தில், இன்னொருத்திக்காக, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதார்! டிவியைத் தூக்கிப் போட்டு உடைத்திருக்க வேண்டும் நான்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அவள் அப்பா வந்துவிட்டார். வேட்டியெல்லாம் வாழைக்கறை. சீரியல் அப்பாவைப்போல அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவரோ வாசலிலேயே நின்று என்னைக் கும்பிட்டார்.

"டீச்சர், எனக்கு ஒண்ணும் புரியலைங்க. வார்டனம்மா என்னென்னமோ சொல்றாங்க. எம்பொண்ணு உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசும். நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்குறேன். அந்தப் பையன் எப்படிங்க?"

கேட்டுக்கொள்கிறேன் என்றார் அந்த மனிதர். அவருக்குப் பின்னால் பையோடு நின்ற மகள் என்னையே பார்த்தாள். வார்டனம்மாவும் பார்த்தார். எனக்கு என் அறை ஞாபகம் வந்தது, கல்லூரி நிர்வாகம் ஞாபகம் வந்தது, இந்த வம்பு நமக்கெதற்கு என்று வந்தது.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்றேன். குரல் நடுங்கவே இல்லை.

அவள் பரீட்சை எழுதவில்லை. இரண்டே மாதத்தில் வையம்பட்டியில் ஒரு சொந்தக்காரனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். விடுதிக்குப் பத்திரிகை வந்தது. யாரும் போகவில்லை.

அந்த வாரம்தான் சீரியலிலும் கல்யாணம். அப்பா மனம் மாறி மாப்பிள்ளையைக் கட்டியணைத்துக்கொண்டார். வார்டனம்மா சந்தோஷம் தாங்காமல் சமையல்கார அம்மாவிடம் கேசரி கிண்டச் சொன்னார். நெய் மணக்க, முந்திரி நிறையப் போட்டு, கூடம் முழுக்கக் கொடுத்தார்.

நானும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.