சும்மா போய்வரும் குப்பி

மணக்க மணக்க வாழ்பவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு வாசனையும் ஒட்டாமல் வாழும் தூ சியோக்-யிங்கைப் பற்றி எழுத அவருடைய வண்டி ஓட்டியான என்னை விட்டால் ஆளில்லை.

பெட்ரோல் பங்க்குகளின் நிலத்தடித் தொட்டி ஓட்டையாகிக் கசிகிறதா என்று அறிய, சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவதுதான் யிங் அக்காவின் வேலை. யுன்லின் மாவட்டத்தில் பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறார். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், தண்ணீர் பிடிக்கும் நாளில் அவருக்குப் பவுடர் இல்லை, வெயில் கிரீம் இல்லை, கொசுத் தைலம் இல்லை. வண்டிக்குப் பெட்ரோல் முந்தின நாளே போட்டாக வேண்டும். பூமி தெய்வத்தின் கோயிலில் ஊதுபத்திப் புகை மேலே படாமல், தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கும்பிடுவார். மாமியார் அதை ஊரெல்லாம் சொல்லி அழுதிருக்கிறார். மகள் கல்யாணத்தன்றுகூடத் தலைக்கு ஸ்பிரே அடிக்க விடவில்லை. மறுநாள் வேலை இருந்ததாம். கல்யாணப் படங்களில் பெண்ணின் அம்மா மட்டும் புயலில் நடந்து வந்தவர் மாதிரி நிற்கிறார்.

இந்தக் கறார் பேர்வழியிடம்தான் கான் மாமாவின் கிணறு வந்து சேர்ந்தது. கான் மாமா எழுபத்தோரு வயது. பச்சைப்பயற்றை முளைகட்டிச் சந்தைக்கு அனுப்புகிறவர். கொட்டகையில் நாலு மணிக்கொருமுறை தண்ணீர் பாய வேண்டும். குழாய்த் தண்ணீர் அவ்வளவுக்குக் கட்டுப்படியாகாது. கிணறுதான் எல்லாம். போன குளிர்காலத்தில் சந்தைப் பெண்கள் அவருடைய முளையைத் திருப்பி அனுப்பினார்கள்.

"மாமா, ஸ்கூட்டரை நக்குன மாதிரி இருக்கு!"

மாமா கொட்டகையைப் பூட்டிவிட்டுப் புகார் கொடுத்தார். பின்பக்கத்து பங்க்கின் முதலாளி லாய் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"என் தொட்டி ஒழுகுதுன்னு காட்டுங்க. மாமாவோட முளையை மூணு வேளையும் நானே திங்கிறேன்."

மே மாதம் நாங்கள் போனோம். அக்கா கிணற்றடியில் குனிந்து, குப்பி குப்பியாக ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, தலைகீழாகத் தட்டிப் பார்த்து ஐஸ் பெட்டியில் அடுக்கினார். அந்தப் பெட்டியில் எப்போதும் ஒரு குப்பி கூடுதலாக இருக்கும். ஆய்வுக்கூடத்திலேயே சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடியது. திறக்காமலே எங்களோடு சும்மா வந்துவிட்டுத் திரும்பும். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் வழியில் ஏதோ ஏறிவிட்டது என்று பொருள். மற்ற குப்பிகளின் பேச்சும் செல்லாது.

மதியம் நான் வண்டியில் குட்டித் தூக்கம் போட்டேன். தட்டி எழுப்பியது கான் மாமா. கையில் ஒரு கேன் பெட்ரோல்.

"ஆய்வுக்கூடத்துக்குத் தைச்சுங் வரைக்கும் போகணுமாமே. வேலை செய்ய வந்தவங்களை வெறுங்கையோடவா அனுப்புறது? லாய்கிட்ட வாங்கல, பக்கத்து ஊருக்குப் போய் வாங்கினேன். யிங்கிட்ட சொல்லாத, வேணாம்னு சொல்லிடுவா."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். தூக்கக் கலக்கம், பெரியவர் மனம் நோகக் கூடாது, மூடியும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சாக்கால் மூடினேன்.

பாதி வழியில் அக்கா மூக்கைச் சுளித்தார். "ஆ-ஹோங், என்னடா வாடை?"

"கிணத்துத் தண்ணிதான்க்கா. உங்க கையில ஒட்டியிருக்கும்."

முடிவு வந்தது. கிணற்றில் பெட்ரோல் மலையளவு. சும்மா வந்த குப்பியில் துளியூண்டு. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"அக்கா, அந்தத் துளியை எழுதாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"லாயோட வக்கீலுக்குத் தெரியும். இல்லேன்னாலும் எனக்குத் தெரியும். தள்ளி உட்காரு, எழுதணும்."

மொத்தமும் ரத்து. மறுபடி உத்தரவு வர மூன்று மாதம். போனில் கான் மாமா கத்தியது எனக்கே கேட்டது. "என் பெட்ரோலா? நான் நல்ல பெட்ரோல்தான் வாங்கினேன்!" அப்புறம் போனை வைத்துவிட்டார். தன் வழக்கைத் தன் உபசாரமே கெடுத்தது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆகஸ்டில் போனபோது கான் மாமா வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

"டீகூட கிடையாது! பக்கத்துல வந்தா நான் மனுஷன் இல்ல!" என்று சன்னல் வழியாகக் கத்தினார். அக்கா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். எனக்குப் பசி காதை அடைத்தது.

இந்த முறை சும்மா வந்த குப்பி சுத்தம். லாயின் வக்கீல் அறிக்கையில் முதலில் புரட்டியதே அந்தப் பக்கத்தைத்தான். பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவைத்தார். தோண்டினார்கள். தொட்டியின் அடியில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

முடிவுத் தாளைக் கொடுக்க நாங்களே போனோம். கான் மாமா கொட்டகையைப் பெருக்கிக் கழுவி, சலவைச் சட்டையில் நின்றார். பின்னால் ஆறு பெரிய தொட்டிகள். அத்தனையிலும் பச்சைப்பயறு குழாய்த் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னது நெசம்னு ஆயிடுச்சுல்ல? சாயங்காலம் மோட்டாரைப் போடலாமா?"

லாயை மாட்டவைத்தால் தண்ணீர் திரும்பிவிடும் என்று இத்தனை மாதமும் நம்பியிருக்கிறார். நாங்களும் ஒரு தடவைகூட எடுத்துச் சொல்லவில்லை.

அக்கா மெதுவாகச் சொன்னார். "கிணத்துக்கு சீல் வைக்கணும் மாமா. மண்ணும் தண்ணியும் சுத்தமாக ஏழு வருஷம் ஆகும். எட்டும் ஆகலாம்."

"அப்ப எனக்கு எழுபத்தொம்பது" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. தொட்டிக்குள் கையை விட்டுப் பயற்றை அளைந்தார்.

"ஊறப்போட்டுட்டேனே, யிங்" என்றார்.