மழை நாளில் தெளிந்த தண்ணீர்

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்குக் கிராஃப் அக்கா என்றுதான் பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் மாடிப்படியைக் காட்டுவார்.

புள்ளியியல் படித்துவிட்டு எழுத்தராக வந்து சேர்ந்தவள். எட்டு வருஷத்துக்கு முன் ஆண்டறிக்கைக்குப் படம் போட ஆள் வேண்டும் என்றார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. இவள் தலையை ஆட்டிவிட்டாள். ஆர் என்ற கணினி மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டாள் என்று சொல்வதைவிட, தட்டுத் தடுமாறி அதோடு ஒத்துப்போனாள் என்று சொல்லலாம். பிழைச் செய்தி வந்தால் அதை அப்படியே இணையத்தில் போட்டுத் தேடுவாள். முகம் தெரியாத யாரோ எழுதி வைத்த ஒரு வரியை எடுத்து ஒட்டுவாள். பிழை மறையும். அந்த வரி எதற்கு என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பாள். பிறகு என்பது வந்ததில்லை. வேலை செய்கிற வரியை அவள் ஒருநாளும் அழித்ததும் இல்லை.

இந்த வருஷத்துப் படத்தைத் திங்கட்கிழமை பொறியாளரிடம் கொடுத்தாள். ஆற்றில் தண்ணீர் எடுக்கும் இடத்தில் தினமும் காலையில் கலங்கல் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்த்து ஒருவர் நோட்டில் எழுதுவார். மாதக் கடைசியில் அதைக் கணினியில் ஏற்றி அனுப்புவார்கள். முன்னூற்று அறுபத்தைந்து புள்ளிகள். மழை பெய்த நாளுக்கு நீலம், மற்ற நாளுக்குச் சாம்பல். நிறம் நன்றாக வந்திருக்கிறது என்ற திருப்தியில் அவள் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

பொறியாளர் பார்த்தார். வந்து மூன்று மாதமே ஆன மனிதர். எதையும் இரண்டு தடவை பார்ப்பார்.

"மேடம், மழை பெஞ்சா ஆத்துத் தண்ணி கலங்குமா, தெளியுமா?"

"கலங்கும் சார்."

"உங்க படத்துல தெளியுதே."

அவள் எட்டிப் பார்த்தாள். நீலப் புள்ளிகள் எல்லாம் கீழே கிடந்தன. சாம்பல் புள்ளிகள் மேலே மிதந்தன. சுட்டெரிக்கும் வெயில் காலத்தில் கலங்கல் நூற்றுக்கு மேல். அடைமழையில் பத்து, இருபது.

"இன்னொண்ணு பாருங்க" என்று அவர் பேனாவால் காட்டினார். நீலத்தில் மூன்று புள்ளிகள் மட்டும் உச்சியில் இருந்தன. மூன்றும் ஒரே உயரம், நூற்று நாற்பத்தொன்று. "ஒரே அளவு மூணு நாள் வருமா? மழைன்னா ஆளு வீட்டை விட்டு இறங்கறதில்ல. உக்காந்த இடத்துல வாய்க்கு வந்ததை எழுதிட்டு, நடுவுல மூணு நாள் மனசாட்சிக்காகக் கூட்டி எழுதியிருக்கார். ஊர் மொத்தமும் குடிக்கிற தண்ணி. வெள்ளிக்கிழமைக்குள்ள அவர்கிட்ட விளக்கம் கேட்டிருக்கேன். பதில் சரியில்லைன்னா வேலையை விட்டு எடுத்துடலாம்."

அவள் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மீட்டர்காரரை அவளுக்கு ஆறு வருஷமாகத் தெரியும். வாரம் ஒருமுறை நோட்டோடு வருவார். எழுத்து கல்லில் செதுக்கியது போல இருக்கும். போன மழையில் பாலத்தின்மேல் தண்ணீர் போனபோது இடுப்பளவு நனைந்து வந்து நின்றவர். அந்த மனிதரா வீட்டில் உட்கார்ந்து எழுதினார்? இல்லை என்று மனம் சொன்னது. ஆம் என்று படம் சொன்னது. படமோ அவள் போட்டது.

செவ்வாய்க்கிழமை முழுக்கத் தேதியைச் சந்தேகப்பட்டாள். நாளும் மாதமும் இடம் மாறினால் மழை வெயிலிலும், வெயில் மழையிலும் போய் விழும். அவளுக்குப் பழக்கமான வியாதி அது. மாற்றிப் போட்டாள். மார்ச் மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் மிஞ்சியது. திரும்ப மாற்றினாள். இப்போது மாதங்கள் ஆங்கில அகரவரிசையில் வந்து நின்றன. ஏப்ரலுக்குப் பக்கத்தில் ஆகஸ்ட், ஆகஸ்டை ஒட்டி டிசம்பர். அதைச் சரிசெய்ய ஒரு வரி அவளிடம் ஏற்கெனவே இருந்தது, ஒட்டினாள். பழைய படமே திரும்பி வந்தது, மூன்று நீலப் புள்ளிகளோடு. சிரிக்கிறதா, முறைக்கிறதா என்று தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னா எல்லாரும் மோட்டாரைப் பாருன்னுவாங்க. நான் கதவைத்தான் பார்ப்பேன். பத்துக்கு எட்டு கதவுதான்."

"இதுல கதவு எதுங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீதானே பெரிய படிப்பு படிச்சவ."

"கிண்டல் பண்ண இதுதான் நேரமா?"

"கிண்டல் இல்லம்மா. ஒரே பூசணிக்காயை மூணு சைஸ்ல வெட்டிட்டிருக்கே, அதான் பயமா இருக்கு."

கதவு என்றால் கோப்பைத் திறக்கிற இடம் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். புதன்கிழமை வந்ததும் கோப்பு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தாள். திறந்தது. வரிசைகள் முன்னூற்று அறுபத்தைந்து. ஒன்றுகூடக் குறையவில்லை. விடுபட்டவை சுழியம். இதைவிடச் சுத்தமான கோப்பை அவள் பார்த்ததில்லை. அப்படியானால் அந்த மனிதர்தான் பொய்யா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. இணையத்தில் கேள்வி போட்டாள். ஒருவர் மாதிரித் தரவு கேட்டார். இன்னொருவர், கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லை என்று எழுதினார். மூன்றாமவர், ஆர் மொழியின் புதிய பதிப்பை ஏற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றார். அலுவலகக் கணினியில் இருந்தது எட்டு வருஷத்துக்கு முந்தைய பதிப்பு. அதைத் தொட்டால் மற்ற படங்கள் எல்லாம் படுத்துக்கொள்ளும் என்ற பயத்தில் அவள் கையே வைக்கவில்லை.

வியாழக்கிழமை மீட்டர்காரர் தானே வந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாள், நோட்டு.

"விளக்கம் எழுதச் சொல்றாங்கக்கா. என்னத்தை விளக்கறது? பார்த்தேன், எழுதினேன். இதுக்கு மேல எழுத வரமாட்டேங்குது."

"உக்காருங்க."

"நீங்க போட்ட படமாமே?"

"ஆமா. நான் போட்டதுதான்."

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "காட்டுங்க, நானும் பார்க்கறேன்" என்றார்.

திரையில் காட்டினாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எங்கக்கா புள்ளி?"

"இத்தனை புள்ளி இருக்கே."

"அது இல்ல. நான் ஆறு புள்ளி நாலுன்னு எழுதுவேன், ஏழு புள்ளி ஒண்ணுன்னு எழுதுவேன். இங்க எல்லாம் முழுசு முழுசா நிக்குதே. கோட்டுமேல உக்காந்த மாதிரி."

அவள் புள்ளிகளின் எண்களை வரிசையாக அச்சிட்டாள். தொண்ணூற்றேழு. நூற்றுப் பன்னிரண்டு. பதினைந்து. ஒன்றில்கூடத் தசமம் இல்லை.

"நோட்டைத் திறங்க" என்றாள். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "பிப்ரவரி நாலாம் தேதி என்ன?"

"ஆறு புள்ளி நாலு."

திரையில் தொண்ணூற்றேழு.

"பாலத்துமேல தண்ணி போனதே, அன்னைக்கு?"

"நூத்தி எண்பது. கை நடுங்கிக்கிட்டே எழுதினேன், பாருங்க, கோணலா இருக்கும்."

திரையில் ஐம்பத்திரண்டு.

ஆறு எப்படித் தொண்ணூற்றேழு ஆகும்? நூற்று எண்பது எப்படி ஐம்பத்திரண்டாகச் சுருங்கும்? கூட்டினாலும் வரவில்லை, பெருக்கினாலும் வரவில்லை. அவர் தன் நோட்டையே ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார்.

"அந்த மூணு நாள்" என்றாள் அவள். "நூத்தி நாப்பத்தொண்ணு. அது என்ன எழுதினீங்க?"

"அன்னைக்கு எண்ணே எழுதலையே. மீட்டர் இருநூறு வரைக்கும்தான் காட்டும். அதுக்கு மேல போயிடுச்சு. கண்ணால பார்க்காத எண்ணை எப்படி எழுதறது? 'அளவு தாண்டியது'ன்னு எழுதினேன்."

கோப்பின் மூலத்தை இறக்கிப் பார்த்தாள். எண்களுக்கு நடுவே மூன்று இடத்தில் அந்தச் சொற்கள் இருந்தன. ஏற்றியவர் எழுத்து மாறாமல் ஏற்றியிருந்தார்.

அவள் தன் நிரலை மேலிருந்து வாசித்தாள். ஐந்தாவது வரியில் நின்றாள். 'எண்ணாக மாற்று' என்கிற வரி. முதல் வருஷம் ஏதோ ஒரு பிழைச் செய்தியின் வாயை அடைக்க எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. எட்டு வருஷமாக அங்கேயே இருந்தது. அது எதை எண்ணாக மாற்றுகிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்டாள். கணினி ஒரு பட்டியலைக் கொட்டியது. 10.2, 10.4, 104, 11, 112, 12.5 என்று போனது. நூற்று நான்குக்குப் பிறகு பதினொன்று. நூற்று எண்பதுக்கு வெகு கீழே, தொண்ணூற்றேழாவதாக ஆறு புள்ளி நான்கு. எல்லாவற்றுக்கும் கடைசியில், நூற்று நாற்பத்தொன்றாவதாக, 'அளவு தாண்டியது'.

மெல்ல மெல்லத்தான் புரிந்தது. ஒரு பத்தியில் ஒரே ஒரு சொல் இருந்தாலும் அந்தப் பழைய பதிப்பு முழுப் பத்தியையும் சொற்களாக எடுத்துக்கொள்ளும். அகராதி போல முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கும். ஒன்றில் தொடங்குவதெல்லாம் முதலில், அது பத்தானாலும் நூற்று எண்பதானாலும். ஆறும் ஏழும் பின்னால். அடுக்கிய பிறகு ஆளுக்கொரு வரிசை எண் கொடுக்கும். 'எண்ணாக மாற்று' என்றால் அந்த வரிசை எண்ணைத்தான் எடுத்துக் கொடுக்கும். வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருக்கிற வரிசை எண்ணை மதிப்பெண் என்று வாசித்த மாதிரி. மழை நாளின் பெரிய எண்கள் பெரும்பாலும் ஒன்றில் தொடங்கியதால் கீழே போயின. வெயில் நாளின் சின்ன எண்கள் மேலே ஏறின. சொல்லே இல்லாத வருஷங்களில் அந்த வரி எதையும் கெடுத்திருக்கவில்லை.

சொற்களைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, எழுதியதை எழுதியபடியே எண்ணாக்கினாள். படம் புரண்டு நிமிர்ந்தது. நீலம் மேலே, சாம்பல் கீழே.

"ஆறு மாதிரி இருக்கு" என்றார் மீட்டர்காரர். அப்புறம், "அப்போ நான் எழுதினதுதான் தப்பா?" என்றார்.

"இல்ல. நீங்க சரியா எழுதினீங்க. நான் தப்பா வாசிச்சேன்."

"எனக்கு ஒண்ணும் விளங்கலக்கா. ஏதாவது ஒரு எண்ணைப் போட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காதுல்ல?"

அவள் நோட்டை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள். அந்த மூன்று நாளும் துணிந்து பொய்யான எண்ணை எழுதியிருந்தால் யாரும் அவரைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு படங்களையும், கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தையும் பொறியாளரின் மேசையில் வைத்தாள். தவறு தன்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். அவர் வழக்கம்போல இரண்டு தடவை படித்தார்.

"நான் இன்னைக்கு அவரை எடுத்திருப்பேன் மேடம்."

"தெரியும் சார்."

அவர் மீட்டர்காரரின் கோப்பை எடுத்து, தயாராக இருந்த உத்தரவை உருவி, இரண்டாக மடித்து, கிழித்தார். பிறகு கடிதத்தைத் திரும்ப எடுத்தார்.

"எட்டு வருஷமா இந்த வரி இருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"இவருக்கு முன்னாடி இருந்தவரை ஏன் மாத்தினாங்கன்னு ஃபைல்ல படிச்சேன். அளவு நம்பும்படி இல்லைன்னு போட்டிருக்கு. எந்தப் படத்தை வச்சுச் சொன்னாங்க?"

அந்த மனிதரை அவளுக்கு ஞாபகம் இருந்தது. மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார். திடீரென்று ஒருநாள் வரவில்லை. மாற்றல் என்றார்கள். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அடுத்தவர் விஷயம் என்று.

"தெரியல சார். பார்க்கணும்."

மேசைக்கு வந்து பழைய கோப்புகளைத் தோண்டினாள். அவர் போனது அவள் படம் போடத் தொடங்கிய இரண்டாம் வருஷம். கலங்கல் பத்தியை எண்ணாக மாற்றாமல், அப்படியே அச்சிட்டாள். எண், எண், எண். மூச்சு சீரானது. ஜூலையைத் தாண்டினாள். ஆகஸ்ட் பதினெட்டில் ஒரே ஒரு கட்டத்தில் எண் இல்லை. 'மீட்டர் பழுது' என்று இருந்தது.

முன்பிருந்தவர் எழுதியது எல்லாம் சரியாகத்தான் இருந்ததா, வேறு ஏதாவது குறையும் இருந்ததா, மாற்றியதற்கு இந்தப் படம் மட்டும்தான் காரணமா, எதுவும் இந்தத் திரையிலிருந்து தெரியப்போவதில்லை. தன் படம் தவறு என்பது மட்டும் தெரிந்தது.

விளக்கம் கொடுக்க அன்று வந்திருந்த மீட்டர்காரர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு விடைபெற வந்தார்.

"உங்களுக்கு முன்னாடி இருந்தாரே, அவர் இப்போ எங்க வேலை பார்க்கறார்?"

"குழாய்க் கிடங்குலக்கா. குழாய் எண்ணிக்கிட்டு இருக்கார். ஏன்?"

"எப்படிப் போகணும்?"

"ரெண்டு பஸ் மாறணும். போன் நம்பர் தர்றேன், பேசிடுங்களேன்."

"இல்ல. நேர்ல போகணும்."

அந்த இரண்டாம் வருஷத்துப் படத்தைத் திருத்திப் போட்டு அச்சிட்டாள். பழையதையும் அச்சிட்டாள். இரண்டையும் ஒரு உறையில் போட்டாள். போய் என்ன சொல்வது என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.