நாற்பது சென்டிமீட்டர் வாசல்

ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு ஒல்லிப்பிச்சான் என்றுதான் பெயர். அணுக்கருக்களை ஒன்றோடொன்று இணைத்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று பெரிய படிப்புக்காரர்கள் அங்கே வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வளையமாக வளைந்த ஓர் எஃகு அறைக்குள் சூரியனைவிடச் சூடான வாயுவை அடைத்துப் பார்ப்பார்கள். பிறகு அறையை ஆறவிட்டு, உள்சுவரில் அடிபட்ட கார்பன் ஓடுகளைக் கழற்றி மாற்ற வேண்டும். நுழையும் வாசலோ நாற்பது சென்டிமீட்டர். அதில் நுழையக்கூடிய ஒரே ஃபிட்டர் இவன்தான்.

உள்ளே படுத்தால் கையை மடக்க இடமிருக்காது. இரண்டாவது ஓட்டிலேயே மூச்சு முட்டும். சுவர் நெருங்கி வருகிற மாதிரி இருக்கும். பதினோரு வருடமாக இதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஆம்பிளை பயப்படலாமா என்ற வீம்பு! வேறு வேலை கேட்டு மூன்று முறை மனு கொடுத்தான். "உன்னை விட்டா யாருப்பா நுழைவா?" என்று சிரித்தே அனுப்பிவிட்டார் ஃபோர்மேன்.

சரி, நுழைய முடியாமல் போய்விட்டால்? அன்றிலிருந்து சாப்பாட்டை ஒரு பிடி பிடித்தான். மனைவிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இப்பதான் என் சமையல் உங்களுக்கு ருசிக்குதா?" என்று கேட்டு வெண்ணெயும் இனிப்புமாகத் தட்டை நிரப்பினாள். அவளுக்கும் அதே ஆய்வுக்கூடத்தில், ஓடு துடைக்கும் பிரிவில்தான் வேலை.

பட்டறையில் வாசலின் அளவுக்கே செய்த தகர வளையம் ஒன்று தொங்கும். அதில் நுழைந்து காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். ஏழாவது மாதம் அவன் இடுப்பு அதில் வசமாகச் சிக்கிக்கொண்டது. ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். அவனுக்கோ சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி துள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லட்டா? நீங்க கிளம்பினப்புறம் எங்க பிரிவுல எல்லாரையும் அந்த வளையத்துல நுழையச் சொன்னாங்க. நான் ஒருத்திதான் நுழைஞ்சேன்! அடுத்த தடவை உள்ள போறது நான்தான்."

அவன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான்.

"வேணாம். உள்ள பயமா இருக்கும்."

"பதினோரு வருஷம் நீங்க போகலையா? பயம்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?" சிரித்துக்கொண்டே கரண்டியை நீட்டினாள்.

அவன் கையால் தட்டை மூடினான்.

"போதும். இனிமே எனக்குப் பாதி வச்சா போதும்."