இனித்த காற்று

எங்கள் வீட்டில் அறிவியல் சந்தேகம் எது வந்தாலும் மாமுதான் பதில் சொல்வார். அம்மாவின் தம்பி. பாண்டி பஜாரில் துணிக்கடை வேலை. படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் "தெரியாது" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மனுஷனுக்கு அப்படியொரு தைரியம்!

நான்காம் வகுப்பில் என் முதல் நோன்பு. "இவளாவது, சாயங்காலம் வரைக்கும் தாங்குறதாவது!" என்று அக்கா கேலி செய்திருந்தாள். அதற்காகவே, செத்தாலும் விடுவதில்லை என்று வீம்பாக இருந்தேன். ஜூன் மாத வெயில் வேறு. மூன்று மணிக்கு நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைக்குக் கட்டாயமில்லை, ஒரு வாய் தண்ணீர் குடி என்று கெஞ்சிக் கெஞ்சி அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமு கெஞ்சவில்லை. "வீட்டுப்பாடம் எதுனா கீதா?" என்றார். இருந்தது. ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் ஏன் நனைகிறது என்று பார்த்து எழுத வேண்டும். உடனே ஒரு டம்ளரில் ஐஸ் போட்டு என் முன்னால் வைத்தார். சற்று நேரத்தில் அது வேர்த்தது.

"உள்ள கீற தண்ணி வெளிய வரல. காத்துல கீற ஆவிதான் குளுந்து தண்ணியாவுது."

"அப்ப இது காத்துதானே மாமு? நக்கினா நோம்பு முறியாதுல்ல?"

மாமு தாடியைச் சொறிந்தார். "காத்த முழுங்குனா எவனுக்கு முறியும்? ஆனா சோதனைன்னா பத்து தபா செஞ்சு பாக்கணும்."

ஒவ்வொரு முறையும் அடுப்படிக்குப் போய், புது ஐஸோடு சொட்டச் சொட்டக் கொண்டுவந்தார். நான்காவது டம்ளரில் நாக்கை வைத்ததும் திடுக்கிட்டேன்.

"மாமு, இனிக்குது!"

"நோம்பு மாசத்துக் காத்தும்மா. அப்டித்தான் இருக்கும்."

நம்பினேன். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்து நோன்பு முடிந்ததும் எனக்கு மாலை போட்டார்கள். கேலி செய்த அக்காவே முதல் பேரீச்சம்பழத்தை என் வாயில் ஊட்டினாள். மறுநாள் வகுப்பில், நோன்பு மாதத்தில் காற்றின் ஈரம் இனிக்கும் என்று நான் எழுதியதைச் சுற்றி டீச்சர் சிவப்பு மையில் பெரிய வட்டம் போட்டார். டீச்சருக்குத் தெரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நோன்பு திறப்பதற்காக ஃபிரிட்ஜில் கலந்து வைத்திருந்த ரோஸ் சர்பத்தை மாமு டம்ளரின் வெளிப்பக்கம் வழியவிட்டிருக்கிறார் என்பது வளர்ந்த பிறகு புரிந்தது. அன்றைக்கு நான்காவதிலிருந்து ஒவ்வொரு டம்ளரையும் நீட்டிவிட்டு, பிசுபிசுத்த விரல்களை அவர் வாயில் வைக்காமல் பனியனில் துடைத்துக்கொண்டதையும், பனியன் ரோஸ் நிறமானதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்று மாமுவுக்கும் நோன்பு என்பது எனக்கு உறைக்கவே இல்லை.